கடுமையாம்

டிற்றீரியறேற் (deteriorate) என்ற ஆங்கிலச் சொல்லை யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. ரொறன்ரோவில் இருந்துகொண்டு அந்தச் சொல்லிடமிருந்து தப்பவும் முடியாது. பனி கொட்டும் நாளுக்கு அதைச் சொல்கிறார்கள். குண்டும் குழியுமான றோட்டுக்குச் சொல்கிறார்கள். பழைய பாலத்துக்கு, புருஷன் பெண்சாதி உறவுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துக்குக்கூடச் சொல்கிறார்கள். நன்றாக இருந்த ஒன்று வரவரக் கெட்டுப்போகிறது, அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் இவ்வளவு நீளமான சொல் எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஸ்காபுறோவில் ஒரு கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை செய்தேன். கடைகளிலிருந்து திரும்பி வரும் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்து மூன்று பெட்டிகளில் பிரித்துப் போடவேண்டும். நல்லது ஒரு பெட்டி, தேய்ந்தது ஒரு பெட்டி. மூன்றாவது பெட்டியில் இந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். வளைத்தால் வெடிப்புத் தெரியும் குழாய்கள் அதற்குள் போகும். அந்த எழுத்துகளுக்கு முன்னால் நாள் முழுவதும் நின்றும் எனக்கு அதை வாயால் சொல்ல வராது. வெடிச்ச பெட்டி என்றுதான் தமிழ்ப் பெண்கள் நாங்கள் சொல்லுவோம்.

அஜின்கோர்ட்டில் சனிக்கிழமைகளில் நடந்த ஆங்கில வகுப்பில்தான் அதன் பழக்கவழக்கத்தைப் படித்தேன். ரீச்சர் ஒரு வயதான வெள்ளைக்காரி. கீழே விழுந்து உடைந்த கோப்பைக்கு இந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, வருஷக்கணக்காக வெயிலில் கிடக்கும் கதிரைக்குச் சொல்லலாம் என்றார். கோப்பையின் கதை முடிந்துவிட்டது, கதிரையில் இன்னும் குந்தியிருக்கலாம் என்று சொல்லித் தன் கதிரையில் இருந்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அவரவர் வீட்டிலிருந்து ஒரு உதாரணம் சொல்லச் சொன்னபோது, என் அப்பாவின் கண்பார்வை அப்படி ஆகிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லிக் காட்டினேன்.

"உதையோ படிக்கப் போறனி?" என்றார் அவர். "பல்லுக் கட்டினவன் உந்தச் சொல்லைச் சொன்னா, பல்லும் சேர்ந்து வெளியாலை வந்திடும்."

அப்பாவும் நானும் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தோம். அம்மா ஊரிலேயே கண்ணை மூடிவிட்டார். எனக்கு அப்போது கலியாணமாகவில்லை. அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, யூனியன்வில்லில் மகனோடு இருந்தார். எங்களில் ஒருத்தன்தான் வந்துசேரவில்லை. அது என் தம்பி. யுத்தத்தில் சனம் முழுவதும் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அவன் பெண்சாதி பிள்ளைகளோடு வன்னிக்குப் போனான். அங்கே போன் இல்லை. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. யாரோ கொழும்புக்கு வந்தவர்கள், அவன் ஒரு மரத்தடியில் கொட்டில் போட்டு இருக்கிறான், கண்டோம் என்று சொன்னதுதான் கடைசிச் செய்தி. அப்பா காலையில் எழும்பியதும் தேத்தண்ணிக்கு முதல் கேட்பது ஒன்றுதான்.

"சின்னவன்ரை கடிதம் ஏதும்?"

இனி எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது.

நாங்கள் சாவை நேரே சொல்லமாட்டோம். படி வைத்துத்தான் சொல்லுவோம். முதலில், இன்னாருக்குக் கொஞ்சம் சுகமில்லை. அடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம். அடுத்தது, கடுமையாம். அதற்கு அப்பால் ஒரு படி இல்லை. கடுமையாம் என்று சொன்னவர் வாயை மூடிக்கொள்வார், கேட்டவர் அழத் தொடங்குவார். செத்துப்போனார் என்ற சொல்லை யாரும் உச்சரித்திருக்கமாட்டார்கள், ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஊரில் இந்த வேலைக்கென்றே சில ஆட்களை அனுப்புவார்கள். பதறாமல் பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும். எங்கள் பகுதியில் அது அப்பாதான். சைக்கிளைச் சாத்திவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, பிறகு மெல்லக் கொஞ்சம் சுகமில்லை என்று தொடங்குவாராம். அவர் படலையைத் திறந்தாலே சிலர் அழத் தொடங்கிவிடுவார்கள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

கனடாவுக்கு வந்தும் இந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. போன் வந்தபிறகு இன்னும் வசதியாகப் போய்விட்டது. வேலைத்தலத்துக்குப் போன் வந்து கடுமையாம் என்று ஒரு குரல் சொன்னால், எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. அப்படியே அப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளிக்கிடுவோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளிக்கு அவருடைய நோயைச் சொல்வதில்லை. அந்தக் குளிர்காலம் அப்பாவுக்கு இருதயம் பலவீனமாகி நெஞ்சில் தண்ணீர் கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, இது திரும்பி வரும் இருதயம் இல்லை என்று சொன்னார். நாங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் போய், சளிதான், கொஞ்சநாளில் வீட்டுக்குப் போகலாம் என்றோம். அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி சளிதான் என்றார்.

ஆஸ்பத்திரியில் அத்தானின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். எங்களில் முதலில் இங்கே வந்தவர் அவர். அரசாங்கக் கந்தோர்க் காரியம், வீட்டுச் சொந்தக்காரனோடு பேச்சு, எல்லாவற்றுக்கும் அவருடைய ஆங்கிலம்தான் எங்கள் குடும்பத்தின் ஆங்கிலம். எனக்கு வகுப்பில் நல்ல பெயர் இருந்தது உண்மை. அதற்காக அத்தான் இருக்கும்போது என் நம்பரைக் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது.

அன்றைக்குக் காலை வேலையில் என்னை ஒஃபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனில் அத்தான்.

"பிள்ளை, மாமாவுக்குக் கடுமையாம். ஆஸ்பத்திரியாலை இப்பத்தான் போன் அடிச்சவை. நீ வெளிக்கிட்டு நில், நான் வந்து ஏத்துறன். முதல்லை வீட்டை போவம்."

ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று அவர் சொல்லவில்லை. வீட்டை போவம் என்றார். அது போதும். முந்தின நாள் பின்னேரம் அப்பா என் கையால் கஞ்சி குடித்தவர். உப்புக் காணாது என்று குறையும் சொன்னவர். அந்த மனிசன் எப்படி இல்லாமல் போவார் என்று எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அக்கா நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தா. யூனியன்வில்லிலிருந்து மாமி வந்துவிட்டார், வெள்ளைச் சேலையில். எனக்கும் ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்து அப்பார்ட்மென்றில் இருந்து இடியப்பமும் சொதியும் வந்திருந்தன, எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா. யாரோ ஐயருக்குப் போன் அடித்தார்கள். யாரோ ரீவியைத் துணியால் மூடினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்கள் ஆட்கள் எது பிந்தினாலும் செத்தவீட்டுக்குப் பிந்தமாட்டார்கள்.

தமிழ் ரேடியோவுக்கு மரண அறிவித்தல் கொடுக்கவேண்டும். முதலில் வாசிக்கும் சுருக்க அறிவித்தலில் ஒரு ஊரின் பெயருக்குத்தான் இடம். அங்கேதான் சண்டை தொடங்கியது. அப்பா பிறந்தது ஒரு ஊர். கலியாணம் கட்டிப்போய் வாழ்ந்தது அம்மாவின் ஊர்.

"என்ரை அண்ணை பிறந்து வளந்த ஊரைப் போடாமல், பொம்பிளை எடுத்த ஊரையோ போடுவியள்?" என்று மாமி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்.

"அப்பா அங்கை நாப்பது வருஷம் இருந்தவர். ஆக்களுக்கு அந்த ஊரைச் சொன்னாத்தான் தெரியும்," என்று அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னா.

"தெரியாதவன் வரத் தேவையில்லை!"

ரேடியோவுக்குப் போன் அடிக்க எழும்பிய அத்தான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து தீர்ப்போம் என்று அதை வைத்துவிட்டார். அந்தச் சண்டை தீராததால்தான் என் அப்பா அன்றைக்கு ரேடியோவில் சாகாமல் தப்பினார். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், உடம்பும் நடுங்கும்.

மூன்று கார்களில் வெளிக்கிட்டோம். மாமியும் பெண்களும் முன்னுக்குப் போன இரண்டு கார்களில். நானும் அத்தானும் கடைசிக் காரில். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அத்தான் றோட்டு நிலவரம் கேட்பதற்காக ஆங்கில ரேடியோவைப் போட்டார். பின்னேரம் முழுவதும் காலநிலை டிற்றீரியறேற் ஆகும், கவனமாக ஓட்டுங்கள் என்று அதில் ஒருவன் உற்சாகமாகச் சொன்னான்.

அத்தான் பெருமூச்சு விட்டார்.

"உந்தச் சொல்லைத்தான் அவளும் சொன்னவள், பிள்ளை."

"ஆர்?"

"நேர்ஸ். மாமாவின்ரை நிலைமை டிற்றீரியறேற் ஆகுது, நீங்கள் வந்தா நல்லது எண்டு. பாவம், நேரை சொல்லாமல் எங்கடை ஆக்கள் மாதிரி மெல்ல மெல்லத்தான் சொன்னவள். எனக்கு விளங்காதே? கடுமை எண்டு சொல்லுறாள். நான் தாங்ஸ் எண்டு சொல்லி வைச்சிட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயிலில் கிடக்கும் கதிரையும் உடைந்த கோப்பையும் கண்முன்னால் வந்து நின்றன. வெள்ளைக்காரிக்குப் படி வைத்துச் சொல்லத் தெரியாது. அவர்கள் செத்தால் செத்தது என்றுதான் சொல்லுவார்கள், இவ்வளவு வருஷத்தில் எங்களுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். அந்த நேர்ஸ் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய வாயில் எங்கள் ஊர் வழக்கத்தைத் திணித்தது நாங்கள்.

"அத்தான், அப்பா இருக்கிறார்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"அப்பா உயிரோடை இருக்கிறார், அத்தான்! அவள் வரச் சொல்லித்தான் அடிச்சவள்! காலமையிலை இருந்து நாங்கள் அங்கை போகாமல் இடியப்பம் வாங்கி வைச்சுக்கொண்டிருக்கிறம்!"

அத்தானின் முகம் வெளிறிப் போனது. அந்தப் படித்த மனிசன் என்னை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை. முன்னால் போன கார்களைப் பிடித்து நிறுத்த எங்களிடம் அப்போது கைப்போன் இல்லை. பனியில் எல்லா வாகனங்களும் ஊர்ந்துகொண்டிருந்தன. அத்தான் ஹோர்னை அடித்தார், லைற்றை அடித்தார், பயனில்லை. உள்ளே இருந்தவர்கள் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்திருப்பார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. வெள்ளைச் சேலையில் மாமி அந்த அறைக்குள் போகப்போகிறார் என்ற நினைப்பே முன்னுக்கு நின்றது.

லிஃப்ற் கதவு திறந்தபோதே மாமியின் குரல் கேட்டது.

"என்ரை அண்ணையே! எங்களை விட்டிட்டுப் போட்டியே!"

நான் ஓடினேன். அறை வாசலில் பெண்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அழவில்லை. மாமியின் ஒப்பாரி பாதியில் நின்றிருந்தது, திறந்த வாய் திறந்தபடி இருந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். அப்பா தலையணையில் சாய்ந்து, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, கண்ணை நன்றாகத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது?

"ஒருத்தரும் இல்லை, மாமா," என்றார் அத்தான். "சும்மா உங்களைப் பாக்க வந்தனாங்கள்."

"வேலைநாளிலை? எல்லாரும்? வெள்ளை கட்டிக்கொண்டு?"

அத்தான் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப ஆருக்குச் சுகமில்லை?" என்று அப்பா அடுத்ததைக் கேட்டார். அவர் தன்னுடைய பழைய தொழிலின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். நாங்கள் இல்லை என்று சொல்வது ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு படி.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அப்பா," என்றா அக்கா.

அப்பா கண்ணை மூடினார். "சின்னவனோ?"

"சின்னவன் நல்லா இருக்கிறான்."

"நல்லா இருக்கிறான் எண்டு ஆர் சொன்னது? கடிதம் வந்ததோ? காட்டு பாப்பம்."

கடிதம் எங்கே காட்டுவது? மாதக்கணக்காக ஒன்றும் வரவில்லை.

"மெல்ல மெல்லச் சொல்லத் தேவையில்லைப் பிள்ளையள்," என்றார் அப்பா. "நான் எத்தினை பேருக்குச் சொன்னனான். எனக்கேன் ஒளிக்கிறியள்? செல்குண்டு விழுந்ததோ? அவன்ரை குஞ்சுகளுக்கு ஒண்டும் இல்லையே?"

அப்பா அழுது நான் அதற்குமுன் கண்டதில்லை. அம்மா போனபோதும் அவர் அழவில்லை. அன்றைக்கு வாயைக் கோணிக்கொண்டு, சத்தமே இல்லாமல், ஒரு குழந்தையைப் போல அழுதார். பக்கத்தில் இருந்த மெஷின் கிறீச் கிறீச் என்று கத்தத் தொடங்கியது. நேர்ஸ் ஓடிவந்து எங்களை வெளியே அனுப்பினாள். இன்றைக்கோ நாளைக்கோதான், அதற்காகத்தான் காலையிலேயே வரச் சொன்னோம், இந்த நேரத்தில் அவருடைய மனதை ஏன் குழப்புகிறீர்கள் என்று கோபமாகக் கேட்டாள். எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்த என் சனிக்கிழமை ஆங்கிலம் போதாது.

கொரிடோரில் எல்லோரும் கூடிக் கதைத்தோம். ஊரில் வேறு யாரோ செத்ததாகச் சொல்லுவோம் என்றார் மாமி. அத்தான் உள்ளே போய், உங்களுடைய ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் மோசம் போய்விட்டார் என்று சொன்னார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"நம்புறாரில்லை. அவருக்காக மாமியும் பிள்ளையளும் ஆஸ்பத்திரியிலை வந்து என்னைப் பாத்தோ அழுவினம் எண்டு கேக்கிறார்."

இப்படியே விட்டால் அப்பா தன் மகன் செத்துவிட்டான் என்ற நினைப்போடு போய்ச் சேர்ந்துவிடுவார். மரத்தடியில் எங்கேயோ உயிரோடு இருக்கும் ஒருத்தனுக்காக அழுது அழுது அவருடைய கடைசி மூச்சும் போய்விடும். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லப் போறன்," என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தா. "உனக்கென்ன விசரே? சாகப்போற மனிசனுக்கு, நீ சாகப்போறாய் எண்டு ஆரும் சொல்லுவினமோ? எங்கடை பரம்பரையிலை நடந்திருக்கோ?"

நடந்ததில்லை. அக்கா சொன்னது சரிதான். நான் கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

அப்பா யன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெளியே பனி அடர்த்தியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டிலைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே குந்தினேன்.

"அப்பா, செத்தது நீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சுத்தான் நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள். காலமை ஆஸ்பத்திரியாலை அடிச்சு, உங்களுக்குக் கூடாமல் போகுது, வாங்கோ எண்டு சொல்லியிருக்கினம். அத்தான் அதைக் கடுமை எண்டு எடுத்திட்டார். எங்கடை கடுமை. விளங்குதோ அப்பா?"

"நானோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"சின்னவன் இல்லையோ?"

"இல்லை. சின்னவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. உங்களுக்காகத்தான் வெள்ளை கட்டினது."

அவர் நம்பவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இதுவும் ஒரு படியோ என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். என்ன சொல்லி நம்பவைப்பது என்று தெரியாமல், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வாசலில் கிடந்த சப்பாத்துகளைச் சொன்னேன், இடியப்பத்தைச் சொன்னேன், ஐயருக்குப் போன் அடித்ததைச் சொன்னேன்.

"ரேடியோவுக்கு அறிவித்தல் குடுக்கேக்கை சண்டை கூட வந்தது அப்பா. நீங்கள் பிறந்த ஊரைப் போடுறதோ, அம்மான்ரை ஊரைப் போடுறதோ எண்டு."

அப்பாவின் புருவம் அசைந்தது.

"பிறந்த ஊரைப் போடச் சொல்லி ஆர் நிண்டது? கொம்மாமியோ?"

"ஓம். தெரியாதவன் வரத் தேவையில்லை எண்டு சொன்னவ."

அப்பா சிரித்தார். முதலில் மூச்சு மட்டும்தான் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு இருமல் வந்தது. அந்தப் பேச்சை மாமியைத் தவிர வேறு யாராலும் பேச முடியாது, அதை நான் இட்டுக்கட்டியிருக்கவும் முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒட்சிசன் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் கையைப் பிடித்தார்.

"அப்பாடா," என்றார். "நானே. நான் எண்டாப் பரவாயில்லை."

அவ்வளவு நிம்மதியை நான் ஒரு மனித முகத்தில் பிறகு கண்டதில்லை. ஒரு மனிசனுக்கு அவருடைய சாவைச் சொல்லிவிட்டு, அவர் அதற்குச் சந்தோஷப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பயங்கரம் வேறு இல்லை. நான் அவருடைய கையில் முகத்தை வைத்து அழுதேன். அன்றைக்குக் காலையிலிருந்து அழுததெல்லாம் அழுகையே இல்லை.

அவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப, உண்மையாவே எனக்குக் கடுமையோ?"

"ஓம் அப்பா," என்றேன். "கடுமைதான்."

"சளி எண்டியள்."

"சளி இல்லை."

தலையை ஆட்டினார். பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். பயந்து பயந்து வந்து நின்றார்கள். அப்பா முதலில் அத்தானைத்தான் பார்த்தார்.

"என்ன மருமோன், கொஞ்சம் அவசரப்பட்டிட்டியள்."

அத்தான் கட்டிலின் காலடியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். சின்னவனுக்குச் செய்தி அனுப்பும்போது படி வைக்காமல் நேரே சொல்லச் சொல்லுங்கள் என்றார் அப்பா. பெடியன் ஒவ்வொரு படியிலும் யார் யாரென்று யோசித்துச் சாகக்கூடாது என்றார். அக்காவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். இடியப்பம் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டார். எல்லோரும் வெளியே போனபிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அறிவித்தல் விஷயத்தைக் காதுக்குள் சொன்னார். மாமிக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார்.

அடுத்தநாள் மத்தியானம் அவர் போனார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால் அதே நேர்ஸ் வந்து, இப்போது நிலைமை டிற்றீரியறேற் ஆகிறது என்று மெதுவாகச் சொன்னாள். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன், இன்னும் இருக்கிறார் என்று.

அன்று பின்னேரம் ரேடியோவுக்கு நான்தான் போன் அடித்தேன். எல்லோரும் அக்கா வீட்டில் கூடியிருந்து அறிவித்தலைக் கேட்டோம். அம்மாவின் ஊரைச் சேர்ந்த என்று வாசித்தார்கள். மாமிக்கு அழுகை நின்றுவிட்டது. சிவந்த கண்ணோடு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆரடி ஊரை மாத்தினது?"

"அப்பாதான் மாமி," என்றேன்.